ஃபைபர் அழுகாது, உள்ளே இருக்கும் கட்டை அழுகும்

"ஃபைபர் போட்டா? அதுக்கு அழிவே கிடையாதுங்க" என்ற பேச்சை ஊட்டி ஏரிக்கரையிலும் கேட்கலாம், பைக்காரா படகுத்துறையிலும் கேட்கலாம். வெளி ஓட்டைப் பொறுத்தவரை அது சரிதான். கண்ணாடி இழையும் பாலியஸ்டர் ரெசினும் சேர்ந்து இறுகிய ஓட்டைப் பூஞ்சை தின்பதில்லை, கரையான் தொடுவதில்லை. ஆனால் பழைய மோட்டார் படகுகள் பலவற்றில், கால் வைத்து நிற்கும் தளப் பலகைக்கு அடியில், முன்னாலிருந்து பின்னால் வரை நீளவாக்கில் இரண்டோ நான்கோ மரக்கட்டைகள் ஓடும். ஸ்டிரிங்கர் என்பார்கள். மேலே ஃபைபர் போர்த்தி ஓட்டோடு ஒட்டியிருப்பதால் அவை வெளியே தெரியாது. தளத்தை அறுத்துத் திறந்தால், சில படகுகளில் அந்தக் கட்டை ஈரமான பழுப்புத் தூளாகக் கையோடு வரும். மேலே ஃபைபர் உறை மட்டும் பழைய வடிவத்தில் நின்றுகொண்டிருக்கும்.

அந்தக் கட்டை ஏன் வேண்டும்? சிறிய படகின் அடி ஓடு பல இடங்களில் சில மில்லிமீட்டர் தடிமன்தான். இழுத்தால் அறுந்துபோகாத வலு கண்ணாடி இழைக்கு உண்டு, விறைப்புதான் போதாது. வெட்டிய இழைகளைப் பாய்போல் பரப்பிய 'மேட்' வகை ஃபைபரின் விறைப்பு, அதே தடிமனுள்ள எஃகின் விறைப்பில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு. ஸ்பீடு போட் வேகமெடுத்து அலைமேல் விழும்போது தண்ணீர் அந்த மெல்லிய ஓட்டை உள்ளே தள்ளுகிறது. ஓடு உடையாது, குழியும். திரும்பத் திரும்பக் குழிந்தால் ரெசினில் நுண்விரிசல் விழும்.

இதைத் தடுக்க இரண்டு வழி. ஓட்டைத் தடிமனாக்கலாம்; படகு கனத்துவிடும், செலவும் ஏறும். இல்லையென்றால் ஓட்டின் அகலத்தைக் கட்டைகளால் துண்டுபோடலாம். தாங்கல் இல்லாத அகலம் பாதியானால், அதே அழுத்தத்தில் ஓடு குழியும் அளவு பதினாறில் ஒரு பங்காகிவிடும். இடைவெளியின் நான்காம் அடுக்கோடு வளைவு மாறுவதால் வரும் கணக்கு இது. கட்டையின் உயரத்துக்கும் இப்படி ஒரு விதி இருக்கிறது. பள்ளிக்கூடத்து ஸ்கேலைத் தட்டையாகப் பிடித்தால் வளைகிறது, விளிம்பில் நிறுத்திப் பிடித்தால் அசைய மறுக்கிறது அல்லவா, அதேதான். உயரம் இரட்டித்தால் விறைப்பு எட்டு மடங்கு. அதனால்தான் ஸ்டிரிங்கர் அகலம் குறைந்து, உயரம் கூடி நிற்கிறது.

கட்டையின் உச்சியில் போர்த்திய ஃபைபர் ஒரு பக்கம், படகின் ஓடு மறுபக்கம். படகு வளையும்போது ஒன்று இழுபடும், மற்றது அமுங்கும். நடுவில் நிற்கும் மரம் இரண்டையும் விலகி நிற்கச் செய்கிறது. உறை தடிமனாக இருந்தால் உள்ளே மரமே தேவையில்லை; வெற்றுத் தொப்பி வடிவமே போதும். புதிய படகுகள் பல அப்படித்தான் வருகின்றன. பழைய படகுகளிலோ உறையை மெல்லியதாக விட்டு, சுமையை மரத்தின் தலையில் கட்டியவர்கள் உண்டு. "மரம் சும்மா அச்சுக்குத்தான், அழுகினாலும் பரவாயில்லை" என்று சொல்கிறவர்கள் முதலில் உறையின் தடிமனை அளந்து பார்க்க வேண்டும்.

படகு மெக்கானிக் ஒருவர் என்னிடம் கேட்டார்: "சார், உப்புத்தண்ணிதானே அரிக்கும்? நம்ம மலைத் தண்ணி நல்ல தண்ணியாச்சே?"

"இரும்புக்கு அது சரிதான் அண்ணே. மரத்துக்குத் தலைகீழ்" என்றேன்.

மரத்தை அழுகவைப்பது பூஞ்சை. அதற்கு உணவு மரத்திலேயே இருக்கிறது. மேற்கொண்டு ஈரமும் காற்றும் மிதமான வெப்பமும் வேண்டும். மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பூஞ்சை வளராது. 30 சதவீதத்தைத் தாண்டினால் செழிக்கும். பழுப்பு அழுகல் வகைப் பூஞ்சை மரத்தின் நாரான செல்லுலோஸைத் தின்றுவிட்டு, நாரைப் பிணைக்கும் லிக்னினை விட்டுவைக்கும். எஞ்சும் பழுப்பு மரம் சின்னச் சின்னக் கட்டங்களாக வெடிக்கும், விரலால் நசுக்கினால் தூளாகும். உப்பு இந்தப் பூஞ்சையை அடக்குகிறது. மரக்கப்பல் காலத்தில் கப்பலின் சட்டங்களுக்கு இடையில் கல் உப்பைக் கொட்டி வைத்ததற்கு இதுதான் காரணம். தூத்துக்குடிக் கடலில் மரத்துக்கு எதிரி கப்பற்புழு. ஏரியில் அந்தப் புழு இல்லை. மழைத்தண்ணீர் இருக்கிறது, பூஞ்சைக்கு அதுதான் வேண்டும்.

மலைக்குளிர் பூஞ்சையைக் கொஞ்சம் மந்தப்படுத்தும், நிறுத்தாது. இன்னொரு பக்கம் இங்கே ஈரம் உலர இடமே கிடைப்பதில்லை. தென்மேற்குப் பருவமழை ஓய்ந்தால் வடகிழக்குப் பருவமழை, இடையில் மூடுபனி. காற்றின் ஈரப்பதம் 90 சதவீதத்தில் நிற்கும் நாட்களில், கூரைக்கடியில் சும்மா கிடக்கும் மரமே 20 சதவீத ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். உறைக்குள் அடைபட்ட மரத்தைக் கேட்கவே வேண்டாம். தண்ணீர் உள்ளே போக ஒரு திருகாணித் துளை போதும். வெளியே வர வழியே கிடையாது. மரத்தைக் காப்பாற்றப் போர்த்திய ஃபைபரே ஈரத்தைப் பூட்டிவைக்கும் பெட்டியாகிவிடுகிறது. முழுக்கத் தண்ணீரில் ஊறிய மரம்கூடக் காற்று கிடைக்காமல் பல காலம் தாங்கும். அரைகுறையாக நனைந்து, அரைகுறையாகக் காற்றுபட்டுக் கிடப்பதுதான் கெடுதல்.

அழுகலைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். பிளாஸ்டிக் சுத்தியலால் கட்டை நெடுகத் தட்டிக்கொண்டே போனால், நல்ல மரம் 'டக்' என்று கெட்டியாகப் பேசும், கெட்ட இடம் மந்தமாக ஒலிக்கும். இன்ஜின் போல்ட்டை முறுக்க முறுக்க இறுகாமல் சுற்றிக்கொண்டே இருந்தால் அதுவும் ஒரு செய்தி. சந்தேகம் வந்த இடத்தில் 3 மி.மீ. துளை போட்டுப் பாருங்கள். வெளிறிய, உலர்ந்த சுருள் வந்தால் நிம்மதி. கறுத்த ஈரக்குழம்பு வந்தால் தளத்தைத் திறந்தே ஆக வேண்டும். ஸ்டிரிங்கர் போயிருந்தால், இன்ஜின் தொங்கும் பின்பலகையையும் சேர்த்துத் துளைபோட்டுப் பார்த்துவிடுவது நல்லது. அதற்குள்ளும் பெரும்பாலும் பிளைவுட்தான்.

பிரிக்கும்போது செய்யக் கூடாத காரியம், எல்லாக் கட்டைகளையும் ஒரே நேரத்தில் பிடுங்குவது. கட்டை போன ஓடு சட்டம் இல்லாத துணி மாதிரி என்று பலர் நினைப்பதில்லை. டிரெய்லரின் இரண்டு உருளைகள்மேல் அதை நிறுத்தினால் அந்த இடத்தில் உள்ளே அமுங்கும். அமுங்கிய நிலையில் புதுக் கட்டையை ஒட்டிவிட்டால் அந்தப் பள்ளம் நிரந்தரம். பிறகு படகு வேகமெடுக்கும்போது மூக்கு குத்திக்கொண்டே ஓடும். ஆகவே ஓட்டின் வளைவுக்கேற்பப் பலகை வெட்டி நாலைந்து இடத்தில் முட்டுக்கொடுத்து, குறுக்கே நூல் கட்டி, கட்டைகளின் உயரத்தையும் இடைவெளியையும் அட்டையில் படிவம் எடுத்துக்கொண்டு, ஒன்றை மாற்றி முடித்த பிறகே அடுத்ததில் கை வைக்க வேண்டும். இன்ஜின் உட்காரும் கட்டையின் உயரம் சில மில்லிமீட்டர் மாறினாலும் இன்ஜினிலிருந்து சுழலிக்குப் போகும் தண்டு நேர்கோட்டில் வராது.

புதுக் கட்டைக்கு எந்த மரம்? நீலகிரியில் தேயிலைத் தோட்டத்து நிழல்மரமான சில்வர் ஓக் எளிதாகக் கிடைக்கிறது, விலையும் குறைவு. ஈரத்தில் அது நிற்காது. கற்பூர மரம் (யூகலிப்டஸ்) உலரும்போது முறுக்கிக்கொள்ளும். அப்படியானால் தேக்கு? தேக்கில் இருக்கும் எண்ணெய்ப்பசை ரெசினை ஒட்டவிடாது. இந்த வேலையில் விலை உயர்ந்தது சிறந்ததாக இருப்பதில்லை. ஐஎஸ் 710 என்ற இந்தியத் தர முத்திரையுள்ள மரைன் பிளைவுட்டை இரண்டு மூன்று அடுக்காக எப்பாக்ஸி என்னும் ஒட்டு ரெசினால் ஒட்டி, இணைப்புகளை மாற்றி மாற்றி வைத்து நீளமாக்குவது பொருத்தம். பிளைவுட்டில் ரேகைகள் குறுக்கும் நெடுக்குமாக ஓடுவதால் விரிந்து சுருங்குவது குறைவு. ஒட்டுமுன் ஈரமானியில் 12 சதவீதத்துக்குப் பக்கத்தில் வரும்வரை உலரவைக்க வேண்டும். மரமே வேண்டாம் என்று பாலியூரித்தேன் நுரைக்கட்டையை அச்சாக வைத்துத் தடிமனாக ஃபைபர் போர்த்தலாம். அதுவும் நல்ல வழி, உறையின் தடிமன் கணக்கைச் சரியாகப் பார்த்தால். தெர்மாகோலை மட்டும் நினைக்கவே வேண்டாம். பாலியஸ்டர் ரெசினில் இருக்கும் ஸ்டைரீன் பட்ட மாத்திரத்தில் அது கரைந்து ஒழுகிவிடும்.

இனி ஒட்டும் வேலை. பெரும்பாலான பழுதுபார்ப்புகள் தோற்பது இங்கேதான். முதன்முதலில் படகு செய்யும்போது அடுத்தடுத்த அடுக்குகள் முழுக்க இறுகுவதற்குள் மேலே மேலே போடப்படுவதால், ரெசின் சங்கிலிகள் ஒன்றோடொன்று வேதியியல் பிணைப்பு போட்டுக்கொள்கின்றன. பல ஆண்டுகளுக்கு முன் இறுகிய ஓட்டில் அப்படிப் பிணைய இடம் மிச்சமில்லை. புது ரெசினுக்குக் கிடைப்பது பிடிமானம் மட்டுமே. சொரசொரப்பில் பற்றிக்கொண்டு நிற்க வேண்டும். எனவே 40ஆம் எண் உப்புத்தாளால் கிரைண்டர் போட்டு, பளபளப்பு முழுக்கப் போய் இழைகள் தெரியும்வரை தேய்த்து, தூசி எடுத்து, அசிட்டோனால் துடைக்க வேண்டும். தேய்ப்பதில் கைவலி மிச்சம் பிடித்தால் ஒரு சீசனுக்குள் ஒட்டு பெயர்ந்து வரும்.

கட்டையின் அடிவிளிம்பை ஓட்டின்மேல் நேராக உட்காரவைப்பதும் தவறு. அந்தக் கோட்டில் ஓடு வளைய முடியாமல் வெளியே விரிசல் விடும். கட்டிப்படுத்திய ரெசின் பேஸ்ட்டைப் படுக்கைபோல் இட்டு அதன்மேல் கட்டையை அமர்த்தி, இரு பக்க மூலைகளையும் அதே பேஸ்ட்டால் உருண்டையாக நிரப்ப வேண்டும். கண்ணாடி இழை செங்குத்து மூலையில் மடங்காது. மடக்கினால் அடியில் காற்றுப்பை நிற்கும். பிறகு வரும் ஃபைபர் பட்டைகள் ஒவ்வொன்றும் முந்தையதைவிடக் கொஞ்சம் அகலமாக ஓட்டின்மேல் இறங்கட்டும். எல்லா விளிம்பும் ஒரே இடத்தில் முடிந்தால் விசை அங்கேயே குவியும்.

பாலியஸ்டரா எப்பாக்ஸியா என்ற சண்டைக்கு முடிவே இல்லை. எப்பாக்ஸி பழைய ஓட்டை இறுகப் பற்றும், விலை பல மடங்கு. நன்றாகத் தேய்த்த இடத்தில் பாலியஸ்டரே போதும் என்பது என் கட்சி. பின்பலகைக்கும் இன்ஜின் மேடைக்கும் மட்டும் எப்பாக்ஸி. பாலியஸ்டர்மேல் எப்பாக்ஸி ஒட்டும், எப்பாக்ஸிமேல் பாலியஸ்டர் சரியாக ஒட்டாது என்பதை மறக்கக் கூடாது. மேட் துணியின் இழைகளைச் சேர்த்துப் பிடிக்கும் பசை ஸ்டைரீனில் கரைவது. எப்பாக்ஸியில் அது கரையாது, மேட் விறைத்துக்கொண்டு நிற்கும். எப்பாக்ஸிக்குத் தைத்த துணிதான் சரி.

பாலியஸ்டர் இறுகுவது ஒரு சங்கிலி வினை. கேட்டலிஸ்ட் என்று ஊற்றும் பெராக்சைடு உடைந்து, அதிலிருந்து வரும் தனி உறுப்புகள் (ஃப்ரீ ராடிக்கல்) ஸ்டைரீனையும் பாலியஸ்டர் சங்கிலிகளையும் குறுக்கே கோக்கின்றன. கோபால்ட் கலந்த ஆக்ஸிலரேட்டர் அந்த உடைப்பை அறை வெப்பத்திலேயே நடத்திவைக்கிறது. இவை இரண்டையும் நேரடியாக ஒன்றோடொன்று சேர்த்தால் வெடிக்கும்; ஒன்றை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகே மற்றது. வினையின் வேகம் தோராயமாக 10 டிகிரிக்கு இரட்டிப்பாகிறது. சமவெளியில் 30 டிகிரியில் இருபது நிமிடத்தில் கூழாகும் ரெசின், ஊட்டியில் 10 டிகிரிக் காலையில் அப்படியே கிடக்கும். உடனே கை கேட்டலிஸ்ட் பாட்டிலுக்குப் போகும். வழக்கமான அளவு 1 முதல் 2 சதவீதம். அதற்குமேல் ஊற்றினால் ரெசின் வலுவிழக்கும். 15 டிகிரிக்குக் கீழே அரைகுறையாக இறுகிய ஒட்டு பார்வைக்குக் கெட்டியாக இருந்தாலும் உள்ளே மென்மையாகவே நின்றுவிடும்.

செய்ய வேண்டியது சூடாக்குவது. ரெசின் டப்பாவை வெந்நீர் வாளியில் வைத்து வெதுவெதுப்பாக்கலாம், படகைத் தார்ப்பாய்க் கூடாரத்துக்குள் வைத்து மின்விளக்குகளால் சூடேற்றலாம். மலைவீடுகளின் வழக்கப்படி கணப்போ கரி அடுப்போ கேஸ் ஹீட்டரோ கொண்டுவந்து வைக்கக் கூடாது. அசிட்டோன் ஆவி உறைபனியிலும் பற்றிக்கொள்ளும். எரியும் வாயு நீராவியையும் கரியமில வாயுவையும் வேறு வெளிவிடும்; இறுகிக்கொண்டிருக்கும் எப்பாக்ஸியின் மேல் அவை மெழுகுபோன்ற ஒரு படலத்தை உண்டாக்கும், அடுத்த அடுக்கு அதன்மேல் ஒட்டாது. குளிருக்குப் பயந்து கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஸ்டைரீனை மூச்சில் இழுப்பதும் ஆபத்து. கரிவடிகட்டி வைத்த முகமூடி கட்டாயம். துணி மாஸ்க் கிரைண்டர் தூசியைக்கூட நிறுத்தாது.

காலத்தைத் தேர்ந்தெடுத்தால் பாதிச் சிக்கல் தீரும். சீசன் முடிந்த ஜூனில் படகை மேலேற்றுவதுதான் வரவுசெலவுக்கு வசதி, ஆனால் அப்போது பைக்காராவில் மழை. ஜனவரியில் உறைபனி. பிப்ரவரி, மார்ச்சில்தான் வெயிலும் உலர்ந்த காற்றும் சேர்ந்து வரும். கோடைக் கூட்டம் வருமுன் முடித்துவிடவும் முடியும்.

தளத்தை மூடுமுன் துளைகளைப் பாருங்கள். கட்டைக்குக் குறுக்கே தண்ணீர் வடிய விட்ட துளைகளில் மூடாத வெற்று மரம் தெரிந்தால் பழைய கதைதான் திரும்ப நடக்கும். பெரிதாகத் துளைத்து, பிவிசி குழாய்த் துண்டைச் செருகி, சுற்றிலும் எப்பாக்ஸி நிரப்ப வேண்டும். இருக்கைக்கும் இன்ஜினுக்கும் போடும் திருகாணித் துளைகளையும் முதலில் பெரிதாகப் போட்டு, எப்பாக்ஸியால் அடைத்து, இறுகிய பின் அதன் நடுவில் சரியான அளவில் மறுபடி துளைக்க வேண்டும். அப்போது திருகாணி மரத்தைத் தொடவே தொடாது. தண்ணீரில் இல்லாத நாட்களில் பின்னடியில் உள்ள வடிகால் அடைப்பானைக் கழற்றி, முன்பக்கத்தை உயர்த்தி, தார்ப்பாய்க்கு அடியில் காற்று ஓட வழிவிட்டு நிறுத்தினால் போதும்.