ஐரோப்பாவில் துணி ட்ரையர் வாங்குவதற்கு முன்: 2025 ஜூலையில் மாறிய விதியும் லேபிளும்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் வீட்டுத் துணி ட்ரையருக்கான விதிகள் 1 ஜூலை 2025 முதல் மாறிவிட்டன. மானியமோ பணமோ கிடைக்கும் திட்டம் இல்லை இது. கடைக்கு எந்த மாதிரி மெஷின் வரலாம், அதன் லேபிளில் என்னென்ன எழுத வேண்டும், பழுதானால் நமக்கு என்ன உரிமை என்று சொல்லும் சட்டம். ஜெர்மனி, பிரான்ஸ், நெதர்லாந்து, டென்மார்க் எல்லாவற்றுக்கும் ஒரே விதி. சுவிட்சர்லாந்து ஒன்றியத்தில் இல்லை; ஆனால் அங்கே இதே மாதிரிக் கட்டுப்பாடு 2012-லேயே வந்துவிட்டது. லண்டனில் இருப்பவர்களுக்கு இந்த லேபிள் பொருந்தாது.

முக்கியமான மாற்றம், ஹீட்டர் வைத்த ட்ரையர்களின் காலம் முடிந்தது. குழாய் வழியாக ஈரக்காற்றை வெளியே தள்ளும் பழைய வகையும், ஈரத்தை உள்ளேயே தண்ணீராக்கித் தொட்டியில் பிடிக்கும், ஹீட்டர் வைத்த கண்டென்சர் வகையும் புதிய குறைந்தபட்சத் திறனைத் தொட முடியாது. அதனால் மின்சார ட்ரையர்களில் ஹீட் பம்ப் வகைதான் இனிச் சந்தைக்கு வரும். ஜெர்மன் கடைகளில் இதை 'வேர்மபும்பன்ட்ரொக்னர்' என்பார்கள்; பிரெஞ்சுக் கடையில் 'போம்ப் அ ஷலர்' என்று கேளுங்கள். அந்தத் தேதிக்கு முன்பே சந்தைக்கு வந்த சரக்கை விற்கத் தடை இல்லை. ஆகவே மூலையில் பாதி விலைக்கு ஒரு ஹீட்டர் மெஷின் நின்றால் அது திருட்டுச் சரக்கு அல்ல, தேங்கிய சரக்கு. பாதி விலை என்று மயங்க வேண்டாம். ஏன் என்பதற்குக் கணக்கு இருக்கிறது.

8 கிலோ பருத்தித் துணி துவைத்து முடிந்ததும் தன் எடையில் 60 சதவீதம் தண்ணீரைப் பிடித்திருக்கும் என்பது சோதனைக்கூடக் கணக்கு. அதாவது 4.8 லிட்டர். ஒரு லிட்டர் தண்ணீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.66 யூனிட் (கிலோவாட்-மணி) வெப்பம் வேண்டும்; இயற்பியல் இதில் சலுகை தராது. 4.8 லிட்டருக்கு 3.2 யூனிட். ஹீட்டர் மெஷின் இத்தனையையும் மின்சாரத்திலிருந்தே எடுக்கிறது, வீணாகும் சூடு வேறு. ஹீட் பம்ப்பில் அதே காற்று உள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது: ஒரு பக்கம் குளிர்ந்த குழாய்களில் பட்டு நீராவி தண்ணீராகச் சொட்டுகிறது, அப்போது வெளிவரும் வெப்பத்தைக் கம்ப்ரஸர் இழுத்து மறுபக்கக் குழாய்களுக்குக் கொடுக்கிறது, காற்று மறுபடி சூடாகித் துணிக்குப் போகிறது. குளிர்சாதனப் பெட்டியின் வேலைதான், பெட்டிக்குப் பதில் டிரம். அதனால் செலவு பாதிக்கும் கீழே இறங்குகிறது. விலையாக நாம் கொடுப்பது நேரம். முழு சுமைக்கு மூன்று மணி நேரத்தை ஒட்டி ஓடும். டிரம்மில் சூடு குறைவு என்பதால் துணி அவ்வளவு நைந்து போகாது.

இனி லேபிள். பழைய அளவு ஏ+++ முதல் டி வரை. புதியது ஏ முதல் ஜி வரை. நேற்று வரை ஏ+++ ஒட்டியிருந்த அதே மெஷின் இன்று சி அல்லது டி என்று நிற்கலாம். மெஷின் கெட்டுப்போகவில்லை, அளவுகோல்தான் கடுமையானது. விற்பனையாளர் 'இது முன்பு ஏ+++' என்று சொன்னால் அது உண்மையாகவே இருக்கும். ஆனால் புதிய லேபிள்களுக்கு இடையில் ஒப்பிட அது உதவாது.

எழுத்தைவிட அதன் கீழே பெரிதாக இருக்கும் எண்ணைப் பாருங்கள். பழைய லேபிளில் அது ஆண்டுக்கு, அதாவது 160 தடவைக்கு. இப்போது 100 தடவைக்கு எத்தனை கிலோவாட்-மணி என்று போடுகிறார்கள். முழு சுமையும் அரைச் சுமையும் கலந்த சராசரி அது, ஈகோ புரோகிராமில் ஓட்டினால் வருவது. 110 என்றிருந்தால் ஒரு தடவைக்கு 1.1 யூனிட். பழைய லேபிள் எண்ணையும் புதிய எண்ணையும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் பலர் செய்யும் தவறு. பழையதை முதலில் 1.6-ஆல் வகுத்துக்கொள்ளுங்கள்.

எண்ணை வைத்து உங்கள் வீட்டுக் கணக்கைப் போடலாம். ஒரு மெஷின் 110, இன்னொன்று 150 என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 150 தடவை ஓட்டும் வீட்டில் வித்தியாசம் 60 யூனிட். யூனிட் 35 சென்ட் என்றால் 21 யூரோ. முதல் மெஷின் 200 யூரோ கூடுதல் விலையானால் அந்தப் பணம் திரும்ப ஒன்பது, பத்து ஆண்டு ஆகும். குழந்தைகள் இருக்கும், தினமும் ஓடும் வீட்டுக்கு ஏ சரி. வாரம் இரண்டு தடவை மட்டும் ஓட்டும் இருவர் வீட்டுக்கு பி அல்லது சி வாங்கி மிச்சப் பணத்தைக் கையில் வைத்துக்கொள்வதே புத்தி.

லேபிளின் அடிப்பகுதியில் நான்கு விவரம் உண்டு: கொள்ளளவு கிலோவில், ஈகோ புரோகிராம் நேரம், சத்தம், அப்புறம் கண்டென்சேஷன் வகுப்பு. யாரும் பார்க்காத இந்தக் கடைசி விவரத்தைத்தான் சிறிய ஃபிளாட்டில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டும். துணியிலிருந்து வந்த ஈரத்தில் எவ்வளவைத் தொட்டியில் பிடிக்கிறது என்பதே அது. 90 சதவீதம் பிடித்தால் 4.8 லிட்டரில் கிட்டத்தட்ட அரை லிட்டர் அறைக்குள் போகிறது. ஜன்னல் இல்லாத குளியலறையில் வாரம் நான்கு தடவை அரை லிட்டர் என்றால், குளிர்காலத்தில் சுவர் மூலையில் கறுப்புப் பூஞ்சணம் வந்தே தீரும். வாடகை வீடானால் வீட்டு உரிமையாளரோடு சண்டையும் வரும்.

மேல் மூலையில் உள்ள க்யூஆர் கோடைப் போனில் பிடித்தால் ஒன்றியத்தின் எப்ரல் தரவுத்தளத்தில் அந்த மாடலின் தகவல் தாள் திறக்கும். ஆன்லைனில் வாங்கினால் விலைக்கு அருகே வகுப்பு எழுத்துள்ள வண்ண அம்பு இருக்க வேண்டும். அதைத் தட்டினால் முழு லேபிள் வர வேண்டும். துவைத்து உலர்த்தும் இரட்டை மெஷின்களுக்கு இந்த லேபிள் கிடையாது. அவற்றுக்கு 2021 மார்ச் முதல் தனி லேபிள். அந்த மெஷின்களில் துவைக்கும் கொள்ளளவைவிட உலர்த்தும் கொள்ளளவு குறைவு என்பதை வாங்கிய பிறகுதான் பலர் கவனிக்கிறார்கள்.

பழுது விஷயத்தில் விதி நம் பக்கம் வந்திருக்கிறது. அந்த மாடல் விற்பனை நின்ற பிறகும் குறைந்தது 10 ஆண்டு உதிரிபாகம் கிடைக்க வேண்டும். வடிகட்டி, கதவு, ரப்பர் சீல் போன்றவற்றை நாமே வாங்கி மாட்டலாம். மோட்டார், சர்க்யூட் போர்டு போன்றவை பழுதுபார்ப்பவர்களுக்கு. கடை தரும் வாரண்டி எதுவானாலும், சட்டப்படியான இரண்டு ஆண்டு உத்தரவாதம் தனியே உண்டு. பழுதுபார்க்கும் உரிமை பற்றிய 2024-ஆம் ஆண்டின் ஒன்றியச் சட்டம் ட்ரையர்களையும் சேர்த்திருக்கிறது. 31 ஜூலை 2026 முதல் உறுப்பு நாடுகள் அதை நடைமுறைப்படுத்த வேண்டும். அதன்படி, உத்தரவாதக் காலத்தில் மாற்று மெஷின் கேட்காமல் பழுதுபார்க்கச் சொன்னால் உத்தரவாதம் ஓராண்டு நீளும்.

லேபிளில் உள்ள எண் உங்கள் வீட்டிலும் வர வேண்டுமானால் சில வேலைகள் உங்கள் கையில். துவைக்கும்போதே 1400 சுற்றில் பிழியுங்கள். 60 சதவீத ஈரம் 50-ஐ ஒட்டி இறங்கும், 8 கிலோவுக்கு 0.8 லிட்டர் குறைவு. கதவு வடிகட்டியில் சேரும் பஞ்சை ஒவ்வொரு தடவையும் எடுங்கள். அதைத் தாண்டிப் போகும் பஞ்சு ஹீட் பம்ப்பின் குளிர்ந்த தகடுகளில் ஈரத்தோடு ஒட்டிக் கம்பளி மாதிரிப் படியும்; காற்று போகாது; இரண்டரை மணி நேரம் நாலாகும். கீழே மூடி உள்ள மாடலானால் மாதம் ஒருமுறை திறந்து மென்மையான பிரஷ்ஷால் தகட்டின் நீளவாக்கில் தட்டுங்கள். குறுக்கே இழுத்தால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். துணி இன்னும் ஈரமாக இருக்கும்போதே 'முடிந்தது' என்று மெஷின் நின்றால் பெரும்பாலும் சென்சார்தான்: டிரம் வாயருகே இருக்கும் இரண்டு உலோகப் பட்டைகளில் ஃபாப்ரிக் சாஃப்ட்னர் படிந்திருக்கும். வினிகர் நனைத்த துணியால் துடைத்தால் சரியாகிவிடும், மெக்கானிக் தேவையில்லை.

வீட்டுக்குக் கொண்டுவரும்போது மெஷினைப் படுக்க வைக்காதீர்கள். படுத்தால் கம்ப்ரஸர் எண்ணெய் குழாய்களுக்குள் ஓடிவிடும். வேறு வழியின்றிப் படுத்து வந்திருந்தால் கையேடு சொல்லும் நேரம் நிமிர்த்தி வைத்த பிறகே ஸ்விட்சைப் போடுங்கள். சூடேற்றாத நிலவறையிலோ பால்கனியிலோ வைப்பதாக இருந்தால் கையேட்டில் குறைந்தபட்ச அறை வெப்பநிலையைப் பாருங்கள். பல மாடல்களில் அது 5 டிகிரி.