கூக்ளி: புறங்கை வழியே வந்த பந்து

1900 ஜூலை, லண்டனின் லார்ட்ஸ் மைதானம். இரண்டு ஆங்கில கவுண்டி அணிகளின் கிரிக்கெட் ஆட்டம். லெஸ்டர்ஷயர் அணியின் சாமுவேல் கோ 98 ரன்னில் ஆடிக்கொண்டிருக்கிறார். மிடில்செக்ஸின் பெர்னார்ட் போசன்கெட் வீசிய பந்து நான்கு முறை தத்தித் தத்தி அவரிடம் போனது. தெருவில் ஆடும் பையன்கூட அதை வெளுத்திருப்பான். கோ கிரீஸுக்கு வெளியே மாட்டிக்கொண்டு ஸ்டம்பிங் ஆனார். லெக் ஸ்பின் போலவே வந்து எதிர்ப்பக்கம் திரும்பும் பந்துதான் கூக்ளி. அதற்கு விழுந்த முதல் விக்கெட் என்று சொல்லப்படுவது இந்த அசிங்கமான பந்தில்தான்.

பந்து பிறந்தது மைதானத்தில்கூட இல்லை, மேஜைமேல். 1897 வாக்கில் போசன்கெட் 'ட்விஸ்டி ட்வாஸ்டி' என்றொரு விளையாட்டு ஆடுவார். டென்னிஸ் பந்தை மேஜையில் குத்தி எழும்பவைத்து, எதிர்முனையில் இருப்பவர் பிடிக்க முடியாதபடி திருப்ப வேண்டும். ஒரே மாதிரி கையசைவில் பந்தை இரண்டு பக்கமும் திருப்ப முடிகிறது என்று அங்கேதான் கண்டுகொண்டார்.

எப்படி முடிகிறது? வலக்கை லெக் ஸ்பின்னர் பந்தைச் சுழற்றுவது, எதிரே நீட்டிய ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திறப்பது போல. அவர் கண்ணுக்குப் பந்து இடஞ்சுழியாகச் சுற்றும். தரையில் பட்டதும் பந்தின் அடிப்பாகம் வலப்பக்கமாக உரசும். உராய்வு பந்தை இடப்பக்கம் தள்ளும். வலக்கை பேட்ஸ்மேனுக்கு அது லெக் பக்கத்திலிருந்து (அவர் கால் பக்கம்) ஆஃப் பக்கம் (எதிர்ப்பக்கம்) விலகிப் போகும். இதுதான் லெக் பிரேக்.

சரி, எதிர்ப்பக்கம் திருப்ப மூடியை மூடுவது போலத் திருக வேண்டியதுதானே? செய்யலாம், ஆனால் அந்த மாற்றம் பேட்ஸ்மேனுக்குத் தெரிந்துவிடும். போசன்கெட் திருகலைத் தொடவே இல்லை. கையின் முகத்தை மாற்றினார். ஓடுகிற மின்விசிறியைக் கீழே நின்று பார்த்தால் ஒரு திசை. அதே விசிறியை மேலிருந்து பார்க்க முடிந்தால் எதிர்த்திசை. விசிறி மாறவில்லை, பார்க்கும் பக்கம் மாறியது. அதுபோல மணிக்கட்டை இன்னும் வளைத்து, பந்தை விடும் நேரத்தில் புறங்கை பேட்ஸ்மேனைப் பார்க்கும்படி வைத்தால், விரல்கள் பழைய வேலையையே செய்யும். பந்து மட்டும் வலஞ்சுழியாகக் கிளம்பி, லெக் பிரேக் போல வந்து, ஆஃப் பக்கத்திலிருந்து உள்ளே திரும்பும்.

மணிக்கட்டு பாதி வளைவில் நின்றுவிட்டால் அது டாப் ஸ்பின்னர். பந்து முன்னோக்கி உருளும். முழு வளைவை எட்டுவது கடினம் என்பதால் கூக்ளியிலும் இந்த முன்னுருளல் கொஞ்சம் ஒட்டிக்கொள்ளும். அப்படிச் சுழலும் பந்தைக் காற்று கீழே அழுத்தும். எதிர்பார்த்த இடத்துக்கு முன்பே செங்குத்தாக விழுந்து, கூடுதலாக எகிறும். மொட்டைமாடியில் டென்னிஸ் பந்தோடு முயன்று பார்த்தேன். பத்தில் எட்டு டாப் ஸ்பின்னர். ஒன்று பக்கத்து வீட்டுத் துணிக்கொடியில்.

பேட்ஸ்மேனின் சிக்கல் நேரம். மெதுவான பந்துதான், ஆனால் மூன்று மீட்டர் தள்ளிக் குத்தினால் மட்டைக்கு வர நொடியில் ஐந்தில் ஒரு பங்குகூட ஆகாது. கண் பார்த்துக் கை அசைய அவ்வளவு நேரம் தேவை. ஆகவே பந்து கையைவிட்டுக் கிளம்பும்போதே படித்துவிட வேண்டும். கூக்ளி பொய் சொல்லும் இடமும் அதுதான். 1903-இல் சிட்னியில் ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன் விக்டர் டிரம்பருக்கு இரண்டு லெக் பிரேக் போட்டார் போசன்கெட். அப்புறம் ஒரு கூக்ளி. டிரம்பர் போல்டு. ஆஸ்திரேலியர்கள் இன்றும் இந்தப் பந்தை, போசன்கெட் பெயரைச் சுருக்கி, 'போசி' என்பதுண்டு.

தற்செயலாக விழுந்ததுதான் என்று போசன்கெட் முதலில் எல்லோரிடமும் மழுப்பிப் பார்த்தார். ரகசியம் நிற்கவில்லை. மிடில்செக்ஸில் கூட ஆடிய ரெஜி ஷ்வார்ஸ் கற்றுக்கொண்டு தென்னாப்பிரிக்காவுக்குக் கொண்டுபோனார். 1905-06 தொடரில் கூக்ளி வீச்சாளர்களை வைத்தே அந்த அணி இங்கிலாந்தை 4-1 என்று சாய்த்தது.

போசன்கெட் 1905-இல் ஆஸ்திரேலியாவுக்கு எதிரான தொடரில் டிரென்ட் பிரிட்ஜில் 107 ரன்னுக்கு 8 விக்கெட் எடுத்தார். அந்தத் தொடரோடு அவருடைய டெஸ்ட் வாழ்க்கை முடிந்தது: 7 ஆட்டம், 25 விக்கெட். கூக்ளிக்குப் பழகிய மணிக்கட்டு லெக் பிரேக்கை மறக்கத் தொடங்கும் என்பது ஸ்பின்னர்களின் பழைய புலம்பல். ஷ்வார்ஸிடம் அது உச்சத்துக்கே போனது. அவர் வீசியது பெரும்பாலும் கூக்ளி மட்டுமே.