ஓரத்தில் உதிரும் ஊர்

மூடுபனிக்கு நடுவே ஒற்றைக் குன்று, அதன் தலையில் ஓர் ஊர், போய்வர ஒல்லியாக ஒரு நடைபாலம். இந்தப் படத்தை அனுப்பி, “இது நிஜ ஊரா, ஏஐ வரைந்ததா?” என்று கேட்கிறார் ஒரு வாசகர். நிஜம்தான். இத்தாலியில், ரோமுக்கு வடக்கே இருக்கும் சிவிதா தி பன்யோரேஜோ. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன், ரோமானியர்கள் அங்கே கோலோச்சுவதற்கு முன்பு வாழ்ந்த எத்ருஸ்கன் மக்கள் அமைத்தது. ‘செத்துக்கொண்டிருக்கும் ஊர்’ என்பது அதன் பட்டப்பெயர்.

காரணம் குன்றுக்குள் இருக்கிறது. மேலே, பக்கத்து எரிமலைகள் கக்கிய சாம்பல் இறுகிய டஃப் பாறை. அடியில், அதற்கும் முன்பு அங்கே கடல் இருந்த காலத்துக் களிமண். டஃப்பை வெட்டுவது சுலபம், செங்குத்தாகவும் நிற்கும், எதிரி ஏற முடியாது. எத்ருஸ்கன்களைக் குறை சொல்வதற்கில்லை.

இனி எனக்குப் பிடித்த இடம். தளர்வாகப் பிசைந்த சப்பாத்தி மாவின் மேல் ஒரு பிஸ்கட்டை வைத்து மெல்ல அழுத்துங்கள். மாவு பக்கவாட்டில் பிதுங்கும். பிஸ்கட்டால் கூடவே நீள முடியாது. படக்கென்று விரிசல் விடும். சிவிதாவில் நடப்பதும் இதுதான், பல நூற்றாண்டு நிதானத்தில். இருபுறமும் ஓடைகள் களிமண் சரிவை அரிக்க, உள்ளே இருக்கும் களிமண்ணுக்குப் பக்கத்துணை போய்விடுகிறது. அது வெளியே தள்ள, மேலே டஃப் நெட்டுக்குத்தாகப் பிளக்கிறது. மழைநீர் அந்தப் பிளவு வழியாகவே இறங்கி, களிமண்ணைத் தாண்ட முடியாமல் அங்கேயே தேங்கி அதை இன்னும் குழைக்கிறது. அதாவது, விரிசல் தனக்கான தண்ணீரைத் தானே கொண்டுவந்துகொள்கிறது! கடைசியில் ஓரத்துப் பாறை, மேலிருக்கும் வீட்டோடு சாய்கிறது.

13ஆம் நூற்றாண்டுக் கத்தோலிக்கத் துறவி புனித பொனவெந்தூரா பிறந்த வீடு இப்படித்தான் போனது. 1695 நிலநடுக்கத்துக்கு அப்புறம் பெரும்பாலானோர் பக்கத்து பன்யோரேஜோவுக்குக் குடிபெயர்ந்தார்கள். பழைய பாலத்தை இரண்டாம் உலகப்போர் தின்றது; இப்போதைய கான்கிரீட் பாலம் 1965இல் வந்தது. இன்று நிரந்தரமாக வசிப்பவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். 2013 முதல் உள்ளே போக டிக்கெட்டும் உண்டு.

பாறையை இரும்புக் கம்பிகளால் இறுக்கிக் கட்டியிருக்கிறார்கள். சரி, பிஸ்கட்டைக் கட்டியாயிற்று, மாவு? விரிசல் எத்தனை மில்லிமீட்டர் அகன்றது என்று வருடக்கணக்கில் அளப்பதுதான் என் கணக்கில் பெரிய வேலை. ஆனால் அதற்கு ரிப்பன் வெட்ட முடியாதே, பணம் எங்கிருந்து வரும்?

ஊருக்குள் ஒரு மாளிகையின் முகப்புச் சுவர் மட்டும் நிற்கிறது. வாசற்கதவு இருக்கிறது, மேலே ஜன்னல்கள் இருக்கின்றன. ஜன்னல் வழியே தெரிவது வானம். அறைகள் எல்லாம் பள்ளத்தாக்கில்.