தேடுபொறியின் பற்றுநோட்டு

பாளையங்கோட்டையில் இருக்கும் என் மதினி ஒருநாள் ராத்திரி செல்போனில் "கழுத்தில் கட்டி தைராய்டா" என்று தேடிப் பார்த்தார். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. மறுநாள் காலையில் அந்தப் போனை வாங்கிச் செய்தி படித்த அண்ணன் கண்ணில் தைராய்டு பரிசோதனைக்குத் தள்ளுபடி என்று ஒரு விளம்பரம் பட்டது. அடுத்த பக்கத்திலும் அதே விளம்பரம். "யாருக்கு தைராய்டு?" என்று அண்ணன் கேட்க, விஷயம் வெளியே வந்துவிட்டது. பயப்பட ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஆனால் தான் சொல்லும் முன்னால் போன் சொல்லிவிட்டதே என்ற வருத்தம் மதினிக்குப் போகவில்லை. "வேற எதுல தேடினா இப்படி நடக்காது தம்பி?" என்று என்னிடம் கேட்டார். அவர் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

பழைய இலக்கியப் பதிப்புகளின் கடைசியில் சொல்லடைவு இருக்கும்: ஒரு சொல், அது வரும் பக்க எண்கள். தேடுபொறியிடம் இருப்பதும் அப்படி ஓர் அடைவுதான். அதன் நிரல்கள் இணையப் பக்கங்களை ஓயாமல் படித்து, எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்று முன்கூட்டியே குறித்து வைக்கின்றன. நாம் தேடும்போது புரட்டப்படுவது அந்த அடைவு. கூகுளின் அடைவில் பல்லாயிரம் கோடிப் பக்கங்கள் இருப்பதாகவும், அதன் அளவு 10 கோடி ஜிகாபைட்டுக்கு மேல் என்றும் அந்த நிறுவனமே சொல்கிறது. இதைக் கட்டிக் காக்க ஆகும் செலவால், சொந்த அடைவு வைத்திருப்பவர்கள் குறைவு. 2008-ல் தொடங்கிய டக்டக்கோ என்ற தேடுபொறி பெரும்பாலும் மைக்ரோசாஃப்ட்டின் தேடுபொறியான பிங்கிடமிருந்து முடிவுகளை வாங்கித் தருகிறது. 2024 மே மாதம் ஒருநாள் பிங் முடங்கியபோது டக்டக்கோவும் சேர்ந்து முடங்கியது. நெதர்லாந்தின் ஸ்டார்ட்பேஜ் கூகுளின் முடிவுகளை வாங்கித் தருகிறது. 2021-ல் வந்த பிரேவ் சர்ச், இங்கிலாந்தின் மோஜீக் இரண்டுக்கும் சொந்த அடைவு உண்டு.

அடைவு பெரிதாக இருந்தால் மட்டும் போதாது, நாம் கேட்பது அதற்குப் புரிய வேண்டும். தமிழில் இது லேசான காரியமில்லை. திருநெல்வேலியில், திருநெல்வேலிக்கு, திருநெல்வேலியிலிருந்து எல்லாம் ஒரே ஊர். நெல்லை என்றாலும் அதே ஊர்தான். பாளை என்றால் பாளையங்கோட்டை, தென்னம்பாளையாகவும் இருக்கலாம். தாமிரபரணிப் பாசனத்தில் கார், பிசானம் என்று இரண்டு நெல் பருவங்கள். "கார் விலை" என்று ஓர் விவசாயி தட்டினால் வரிசையாக மோட்டார் கார்கள் வந்து நிற்கும். அவர் உடனே "கார் நெல் விலை" என்று மாற்றித் தட்டி, மூன்றாவது இணைப்பைத் திறப்பார். இந்த ஒரு திருத்தம் தேடுபொறிக்கு ஒரு பாடம். இப்படி எத்தனையோ பேர் தட்டித் திருத்தியதிலிருந்துதான் பெரிய தேடுபொறி கற்றுக்கொள்கிறது. கூட்டம் அதிகமுள்ள இடத்தில் பாடமும் அதிகம். கூகுளின் தமிழ் முடிவுகள் மற்றவற்றைவிட மேலாக இருப்பதாக எனக்குத் தோன்றுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்று நினைக்கிறேன்.

ஆனால் இந்தப் பாடத்துக்குத் தேவையானது என்ன? ஒரே ஆள் இரண்டு நிமிடத்துக்குள் இரண்டு விதமாகக் கேட்டார் என்பது மட்டும்தான். அவர் யார், போன மாதம் என்ன தேடினார் என்பது இதற்கு வேண்டியதில்லை. தரமும் அந்தரங்கமும் ஒன்றைக் கொடுத்தால்தான் ஒன்று கிடைக்கும் என்ற பேச்சை நான் முழுக்க ஏற்காதது இதனால்தான்.

மதினி தேடிய கணத்தில் தேடுபொறியிடம் எழுதப்பட்டது ஏறக்குறைய இப்படி ஒரு வரி: இரவு 11.42, இன்ன ஐபி முகவரி, இன்ன மாடல் போன், இன்ன குக்கி எண், "கழுத்தில் கட்டி தைராய்டா". ஐபி முகவரி என்பது நம் இணைய இணைப்பின் எண்; குக்கி என்பது நம்மை அடையாளம் காண இணையதளம் நம் போனில் விட்டுவைக்கும் குறிப்பு. மளிகைக்கடைப் பற்றுநோட்டில் வீட்டுக்கு ஒரு பக்கம் ஒதுக்குவார்கள் அல்லவா, குக்கி எண் அந்தப் பக்க எண் மாதிரி. கணக்கில் உள்நுழைந்து தேடினால் பக்கத்தின் தலையில் பெயரும் ஏறிவிடும். பெயரை எடுத்துவிட்டால் சரியாகிவிடுமா? 2006-ல் அமெரிக்காவின் ஏஓஎல் என்ற இணைய நிறுவனம் சுமார் 6.5 லட்சம் பேரின் 2 கோடித் தேடல்களை, பெயருக்குப் பதில் எண் போட்டு, ஆய்வுக்காக வெளியிட்டது. நியூயார்க் டைம்ஸ் நிருபர்கள் ஓர் எண்ணின் தேடல்களை வரிசையாகப் படித்தே, சில நாட்களில் அந்தப் பெண்மணியின் வீட்டு வாசலுக்குப் போய்விட்டார்கள். ஒருவர் தேடியதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதினால், அந்தப் பக்கமே அவர் முகவரி.

விளம்பரத்துக்காவது இந்த நோட்டு வேண்டுமா என்றால், அதற்கும் கட்டாயமில்லை. அல்வா கேட்டு வருபவரிடம் "மிக்சரும் போடட்டுமா?" என்று கேட்க, கடைக்காரருக்கு அவர் யாரென்று தெரிய வேண்டியதில்லை. டக்டக்கோவின் விளம்பரங்கள் இந்த வகை: அப்போது தேடிய சொல்லுக்கு ஏற்ற விளம்பரம் வரும், தேடல் வரலாறு சேர்த்து வைக்கப்படுவதில்லை என்பது அவர்கள் தரும் உறுதி.

ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். தேடுபொறியை மாற்றினால் ஒரு வாசல்தான் அடைபடும். மதினி திறந்து படித்த மருத்துவப் பக்கங்களிலேயே விளம்பர நிறுவனங்களின் கண்காணிப்பு நிரல்கள் ஒட்டிக்கொண்டிருக்கலாம். அவற்றைத் தடுக்கும் பிரவுசரும் சேர்ந்து வேண்டும். பிரவுசரில் இருக்கும் இன்காக்னிட்டோ என்ற மறைநிலை முறை இதற்கு உதவும் என்று பலர் நம்புகிறார்கள். அது நம் போனில் தடம் விடாது, அவ்வளவுதான். எதிர்முனைக்கு நம் ஐபி முகவரி அப்போதும் தெரியும்.

சரி, மதினிக்கு என்ன செய்தேன்? கண்காணிப்பு நிரல்களைத் தடுக்கும் பிரவுசர் ஒன்றைப் போட்டு, அதில் டக்டக்கோவை வைத்துக் கொடுத்தேன். கூகுள் கணக்கில் தேடல் பதிவை நிறுத்தி, பழையதையெல்லாம் அழித்தோம். முழுவதும் நிறுத்த மனமில்லாதவர்கள் 3 மாதத்தில் தானாக அழியும்படி வைக்கலாம்; 2020-லிருந்து புதிய கணக்குகளில் அது 18 மாதம் என்றே வருகிறது. டக்டக்கோவில் திருப்தியான பதில் வராதபோது, கேள்வியோடு ஓர் ஆச்சரியக்குறியும் ஒட்டினாற்போல ஆங்கில ஜி எழுத்தும் சேர்த்துத் தட்டினால் கூகுளுக்கே கொண்டுபோய் விடும். அந்தக் கேள்வி மட்டும் கூகுளுக்குத் தெரியும் என்பதை மறக்கக் கூடாது. அப்புறம், என் அனுபவத்தை மட்டும் நம்ப வேண்டாம். போன வாரம் நீங்கள் தேடிய பத்துக் கேள்விகளை இரண்டிலும் போட்டுப் பாருங்கள்.

மதினிக்கு முதல் வாரம் சிரமமாகத்தான் இருந்தது. "பக்கத்தில் ரத்தப் பரிசோதனை" என்று தேடினால் சென்னையைக் காட்டியது. ஐபி முகவரியை வைத்து ஊரை ஊகித்தால் இப்படித் தவறுவதுண்டு. ஊர்ப் பெயரையும் சேர்த்துத் தட்டச் சொன்னேன். கூகுள் நம் இருப்பிடத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வதை, நாமே ஒரு சொல்லில் சொல்லிவிடுகிறோம். இப்போது எதைத் தேடினாலும் அவருக்கு அது பழக்கமாகிவிட்டது. போன ஞாயிற்றுக்கிழமை மறுவீட்டுச் சமையலுக்கு "சொதி திருநெல்வேலி" என்று தட்டினார். இலங்கைச் சொதியெல்லாம் கீழே போய், தேங்காய்ப்பாலில் பாசிப்பருப்பு போட்ட நம் ஊர்ச் சொதி முதலில் வந்தது.