சிலிண்டருக்கு அடியில் ஓர் எதிரொலி

படுக்கையும் அடுப்படியும் உள்ள பயண வண்டியான கேம்பர் வேனில் எரிவாயு தீர்வது எப்போதும் பாதிச் சமையலில்தான். அதனால் பலர் சிலிண்டரின் அடியில் சின்னதாக ஒரு கம்பியில்லா சென்சாரை ஒட்டிவிடுகிறார்கள். அளவு போனிலேயே தெரிந்துவிடும். சில மாதம் ஒழுங்காக ஓடும். அப்புறம் ஒருநாள், நிரம்பிய சிலிண்டரைப் பார்த்துக் காலி என்று சொல்லும். உடனே அதைத் தூக்கிப் போட வேண்டாம்.

அழுத்தமானி ஒன்றை மாட்டினால் போதாதா என்று தோன்றலாம். போதாது. சிலிண்டருக்குள் கொஞ்சமாவது திரவம் மிச்சமிருக்கும்வரை, அழுத்தத்தை முடிவு செய்வது வெப்பநிலைதான். முக்கால் சிலிண்டரும் கால் சிலிண்டரும் ஒரே அழுத்தத்தைத்தான் காட்டும். எனவே சென்சார் வேறு வழியில் போகிறது. அதிலுள்ள பீங்கான் வில்லை, மின்துடிப்பு பட்டதும் அதிர்ந்து, காதுக்கு எட்டாத மீயொலியை எஃகுத் தகட்டின் வழியே மேலே அனுப்புகிறது. அது திரவத்தின் மேற்பரப்பில் முட்டித் திரும்பிவரும் நேரத்தை வைத்து உயரம் கணக்காகிறது. 20 டிகிரி வெப்பத்தில் தண்ணீருக்குள் ஒலி விநாடிக்கு சுமார் 1480 மீட்டர் ஓடும். 30 செ.மீ. தண்ணீர் என்றால் போய்வர 0.4 மில்லிவிநாடிதான். சிலிண்டரில் இருக்கும் திரவ புரொப்பேனில் ஒலி இதைவிட மெதுவாகப் போகும். சூடு ஏற ஏற இன்னும் மெதுவாகும். சாதாரண வெப்பநிலையில் தண்ணீர் இதற்கு நேர்மாறு. போனிலுள்ள சென்சாரின் செயலியில் திரவத்தின் பெயரைத் தவறாகக் குறித்தால் அளவும் தவறுவது இதனால்தான்.

சரி, நிரம்பியதைக் காலி என்பது ஏன்? காற்று. எஃகிலிருந்து காற்றுக்குள் புக ஒலியால் ஏறக்குறைய முடியாது; எல்லையிலேயே 99.9 சதவீதத்துக்கு மேல் திரும்பிவிடும். சென்சாருக்கும் தகட்டுக்கும் நடுவே முடியளவு இடைவெளி விழுந்தாலும் துடிப்பு உள்ளேயே போகாது. திரவத்தின் மேற்பரப்பிலிருந்து நல்ல எதிரொலி கிடைப்பதும் அதற்கு மேலே வாயு இருப்பதால்தான். மேலே உதவும் அதே குணம் கீழே காலை வாருகிறது. ஸ்கேன் எடுக்கும்போது வயிற்றில் ஜெல் தடவுகிறார்களே, அதுவும் இந்தக் காற்றை விரட்டத்தான்.

ஆகவே பராமரிப்பு என்பது பெரும்பாலும் துடைப்பதுதான். சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் அடிப்பகுதியில் சேறு, துரு, உப்பிய பெயின்ட் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். தகட்டோடு இடைவெளியின்றிப் படியவைக்கும் சென்சாரின் சிலிகான் பட்டையை ஈரத்துணியால் துடையுங்கள். காய்ந்து வெடித்திருந்தால் மாற்றுங்கள். வண்டியின் குலுக்கலில் சென்சார் நடுவிலிருந்து நகர்ந்திருக்கலாம். வண்டி சாய்ந்து நின்றாலும் எதிரொலி வேறு பக்கம் போய்விடும். சென்சாரைப் பிடித்துவைக்கும் காந்தம் அலுமினிய சிலிண்டரில் ஒட்டாது, அதற்குத் தனிப் பிடிப்பு தேவை.

கடைசிச் சில சென்டிமீட்டரில் மட்டும் எண்ணை நம்பாதீர்கள். வில்லையின் அதிர்வு அடங்குவதற்குள்ளேயே எதிரொலி வந்து, இரண்டும் கலந்துவிடும்.

பேட்டரி தனிக் கதை. சிஆர் 2032 பட்டன் பேட்டரியில் சுமார் 220 மில்லியாம்பியர்-மணி இருக்கும். அது ஓராண்டு வர வேண்டுமானால் சராசரிச் செலவு 25 மைக்ரோஆம்பியரைத் தாண்டக் கூடாது. அதனால் சென்சார் பெரும்பாலும் தூங்குகிறது. நொடிப்பொழுது விழித்து, அளந்து, புளூடூத்தில் சொல்லிவிட்டு மறுபடி தூங்குகிறது. கடுங்குளிரில் பேட்டரியின் உள்தடை ஏறுவதால், செய்தி அனுப்பும் அந்த நொடியில் மின்னழுத்தம் சரியும். விடியற்காலையில் ஊமையான சென்சார் வெயில் ஏறியதும் பேசினால், புது பேட்டரி போடும் நேரம் வந்துவிட்டது.

வண்டியின் கழிவுநீர்த் தொட்டியில் உள்ள அளவுகாட்டிக்கு நோய் வேறு. உள்ளே நீட்டிய உலோக முனைகளில் எண்ணெயும் அழுக்கும் படிந்து, அந்த ஈரப்படலமே மின்சாரத்தைக் கடத்த, காலி செய்த தொட்டியும் நிரம்பியதாகத் தெரியும். தொட்டிக்கு வெளியே ஒட்டி, சுவர் வழியே மின்புலத்தால் நீர்மட்டத்தை உணரும் மின்தேக்கிப் பட்டை இந்த விஷயத்தில் பரவாயில்லை, ஆனால் உள்சுவரில் படிவு தடித்தால் அதுவும் குழம்பும். பாதித் தொட்டி நல்ல தண்ணீர் ஊற்றி, கொஞ்ச தூரம் வண்டியை ஓட்டி, அலசித் திறந்துவிட்டால் பல நேரம் அளவு தானாகவே இறங்கிவிடும்.