டிரவுட் நீருக்குப் போகும் முன் உங்கள் காலணி காய்ந்துவிட்டதா?

ஜூன் மாதத்திலும் ஆண்டிறுதியிலும் பள்ளி விடுமுறை நெருங்கும்போது எனக்கு வரும் கேள்விகள் மாறிவிடும். நான் நன்னீர்ச் சூழலியலாளர். சிங்கப்பூரின் ஓடைகளிலும் நீர்த்தேக்கங்களிலும் நீரின் தரத்தையும் அங்கு வாழும் மீன்களையும் கணக்கெடுப்பது என் அன்றாடப் பணி. ஆனால் அந்த வாரங்களில், ஜப்பானுக்கோ நியூசிலாந்துக்கோ குடும்பத்தோடு புறப்படும் தமிழ் நண்பர்கள், டிரவுட் பிடிக்க எந்தத் தூண்டிற்கோல் ஏற்றது, எந்தச் செயற்கைப் பூச்சியை வாங்குவது என்று கேட்கத் தொடங்குகிறார்கள். நான் முதலில் கேட்பது வேறொன்று: சென்ற பயணத்தில் ஆற்றில் இறங்கிய காலணி உள்ளும் புறமும் காய்ந்துவிட்டதா? பெரும்பாலோர் இதை வேடிக்கையாக எடுத்துக்கொள்கிறார்கள். கோலைப் பற்றி எந்தக் கடைக்காரரும் சொல்வார். காலணியைப் பற்றி எவரும் சொல்வதில்லை என்பதால்தான் இந்தக் கட்டுரை.

டிரவுட் பிடிக்கச் செயற்கைப் பூச்சியைப் பயன்படுத்தும் ஃபிளை மீன்பிடிப்பு நம் ஊர்த் தூண்டிலிலிருந்து ஒரு முக்கியமான வகையில் வேறுபடுகிறது. வழக்கமான தூண்டிலில் ஈயக் குண்டோ கனமான இரையோ நரம்பை இழுத்துச் செல்கிறது; இதில் தடித்த நரம்பின் எடையே, இறகும் நூலும் சுற்றப்பட்ட, ஏறக்குறைய எடையே இல்லாத ஒரு முள்ளை முன்னே கொண்டு செல்கிறது. அந்த முள் மேஃபிளை, ஸ்டோன்ஃபிளை, கேடிஸ் போன்ற நீர்ப்பூச்சிகளைப் போலத் தோற்றமளிக்க வேண்டும். இப்பூச்சிகளின் இளம்பருவம் ஓடைக் கற்களுக்கு அடியில் கழிகிறது. மாசு கூடினாலும் ஆக்சிஜன் குறைந்தாலும் இவைதான் முதலில் மறையும் என்பதால், ஓடையின் நலத்தை அளக்க எங்கள் துறையில் இவற்றையே எண்ணுகிறோம். எந்தப் பூச்சி வளர்கிறது என்று பார்க்கக் கல்லைப் புரட்டும் தூண்டிற்காரர், தாம் அறியாமலேயே எங்கள் வேலையில் பாதியைச் செய்துவிடுகிறார்.

டிரவுட் குளிர்ந்த நீருக்குரிய மீன். கடல் மட்டத்தில், காற்றோடு சமநிலையில் இருக்கும் நன்னீர் 10 டிகிரி செல்சியஸில் லிட்டருக்கு ஏறக்குறைய 11.3 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தன்னுள் வைத்திருக்கும். 20 டிகிரியில் அது 9.1 ஆகவும், நம் நீர்த்தேக்கங்களில் வழக்கமாகக் காணும் 30 டிகிரியில் 7.6 ஆகவும் குறைகிறது. இதில் சிக்கல் என்னவென்றால், நீர் சூடாகச் சூடாக ஆக்சிஜன் குறையும் அதே வேளையில் மீனின் உடல் அதை மேலும் அதிகமாகக் கேட்கிறது. எனவே நீர் 20 டிகிரியை நெருங்கும்போதே பொறுப்புள்ள தூண்டிற்காரர்கள் கோலை மடக்கி வைத்துவிடுகிறார்கள். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில், டிரவுட் ஆறுகளின் உச்ச வெப்பநிலை தொடர்ந்து மூன்று நாள் ஏறக்குறைய 23 டிகிரியைத் தொட்டால், பிற்பகல் 2 மணி முதல் நள்ளிரவு வரை மீன்பிடிப்பை நிறுத்திவைக்கும் நடைமுறை இருக்கிறது. சிங்கப்பூரில் வளர்ந்த நமக்கு இது எளிதில் பிடிபடாது. காலை வைத்ததும் நடுக்கம் தரும் 20 டிகிரி நீரை நாம் குளிர் என்கிறோம். டிரவுட்டுக்கோ அது ஏற்கெனவே வெப்பம். நம் உணர்வை நம்பாமல், பையில் ஒரு வெப்பமானியை வைத்துக்கொள்வதே சரி. விலை உயர்ந்த ரீலைவிட அது பயனுள்ள கருவி என்பது என் எண்ணம்.

பிடித்த மீனை விட்டுவிட்டாலே அது பிழைத்துவிடும் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. 1992ஆம் ஆண்டு கனடாவில் வெளியான ஓர் ஆய்வு இதை நேரடியாகச் சோதித்தது. களைத்துப்போகும்வரை துரத்தப்பட்ட ரெயின்போ டிரவுட்டுகளில், நீரிலிருந்து எடுக்கப்படாதவற்றுள் 12 விழுக்காடு இறந்தன; 30 விநாடி காற்றில் வைக்கப்பட்டவற்றுள் 38 விழுக்காடும், 60 விநாடி வைக்கப்பட்டவற்றுள் 72 விழுக்காடும் இறந்தன. இவை ஆய்வகத்தில் கடுமையாகக் களைப்பூட்டப்பட்ட மீன்கள். ஆற்றில் பிடித்து உடனே விடப்படும் மீன்களுக்கு இதே எண்களைப் பொருத்திவிட முடியாது. ஆயினும் அவை காட்டும் திசையில் ஐயமில்லை. காற்றில் எடுத்ததும் செவுளின் மெல்லிய இதழ்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, மூச்சு நின்றுவிடுகிறது. ஓட்டப்பந்தயத்தை முடித்து இரைப்பவரின் மூக்கையும் வாயையும் பொத்திப் பிடித்து நிழற்படம் எடுப்பதைப் போன்றது அது. நம்மவர்கள் படம் எடுப்பதில் காட்டும் ஆர்வம் ஊரறிந்தது. மீனை நீருக்குள் வைத்தே படமெடுங்கள். தூக்கித்தான் ஆக வேண்டும் என்றால் கருவி தயாரான பிறகு, இரண்டு மூன்று விநாடிகளுக்கு மட்டும் தூக்குங்கள்.

மற்றவை சுருக்கமாகச் சொல்லக்கூடியவை. மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ள வேண்டும், ஏனெனில் உலர்ந்த கை அதன் உடலைப் போர்த்தியிருக்கும் வழவழப்பை உரித்துவிடும், உரிந்த இடத்தில் பூஞ்சை பற்றும். தூண்டில் முள்ளின் நுனியில் பின்னோக்கி நீட்டிக்கொண்டிருக்கும் சிறு கூர்முனையைக் குறடால் நசுக்கிவிட்டால் முள் நொடியில் கழன்று வரும். முடிச்சு நூல் வலைக்குப் பதிலாக ரப்பர் வலை நல்லது. மிக மெல்லிய நரம்பைப் பயன்படுத்தி நெடுநேரம் போராடுவதைத் திறமை என்று சிலர் கருதுகிறார்கள். மீனின் பக்கத்திலிருந்து பார்த்தால் அது துன்புறுத்தல்தான். முட்டையிடும் பருவத்தில், ஆற்றுப்படுகையில் சுற்றியுள்ள சரளையைவிட வெளிறி, துடைத்துவிட்டது போலத் தெரியும் திட்டுகளை மிதிக்கக் கூடாது. அவை பெண் மீன் வாலால் தோண்டி முட்டைகளைப் புதைத்து வைத்த இடங்கள்.

எந்த நீருக்கு எந்த டிரவுட் உரியது என்பதிலும் நம்மிடையே குழப்பம் மிகுதி. பிரவுன் டிரவுட் ஐரோப்பாவையும் அதை ஒட்டிய மேற்கு ஆசிய, வட ஆப்பிரிக்கப் பகுதிகளையும் சேர்ந்தது. ரெயின்போ டிரவுட் வட அமெரிக்காவின் பசிபிக் பகுதிக்கும் ரஷ்யாவின் கம்சாத்காவுக்கும் உரியது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே டிரவுட் எதுவும் இயற்கையாக இருந்ததில்லை. 1864இல் இங்கிலாந்திலிருந்து பாசியும் பனிக்கட்டியும் சூழக் கப்பலில் அனுப்பப்பட்ட முட்டைகள் தாஸ்மேனியாவில் பொரிந்தன; அங்கிருந்து 1867இல் பிரவுன் டிரவுட் நியூசிலாந்துக்குப் போனது. இன்று உலகெங்கிலுமிருந்து தூண்டிற்காரர்களை ஈர்க்கும் அந்நாட்டின் ஆறுகளில், அங்கேயே தோன்றிய காலக்ஸியஸ் வகைச் சிறு மீன்கள் பல இடங்களில் டிரவுட்டால் விரட்டப்பட்டு, டிரவுட் ஏற முடியாத அருவிகளுக்கு மேலே ஒதுங்கியிருக்கின்றன. நீலகிரியிலும் இதே கதைதான். பிரிட்டிஷ் அதிகாரிகள் 1860களில் முயன்று தோற்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெயின்போ டிரவுட்டை நிலைநிறுத்தினார்கள். அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகமும் அமைந்தது. உதகைக்குப் போய்வந்தவர்கள் அதை நம் மலை மீன் என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். நம் மலையின் மீன் என்று பெருமைப்பட வேண்டியது காவிரிப் படுகைக்கே உரிய திமில் மகசீர்தான். ஆனால் பொரிப்பகங்களில் வளர்த்து ஆற்றில் விடப்பட்ட நீலத்துடுப்பு மகசீர் பெருகியதும் அதன் சரிவுக்கு ஒரு காரணமாயிற்று. 2018இல் திமில் மகசீர் மிகக் கடுமையான அழிவு அபாயத்தில் உள்ள இனமாகப் பட்டியலிடப்பட்டது.

டிரவுட்டே அந்நிய டிரவுட்டால் அழிவதும் உண்டு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் ஏரியில் 1994இல், யாரோ திருட்டுத்தனமாக விட்ட லேக் டிரவுட் கண்டறியப்பட்டது. அங்கு இயற்கையாக வாழ்ந்த கட்த்ரோட் டிரவுட்டை அது தின்று குறைத்தது. கட்த்ரோட் முட்டையிடச் சிற்றோடைகளில் ஏறிவரும், கரடிகளும் பறவைகளும் அங்கே அதைப் பிடித்துண்ணும். லேக் டிரவுட்டோ ஏரியின் ஆழத்திலேயே இருந்துவிடும். ஆகவே மீனின் எண்ணிக்கை மட்டும் குறையவில்லை, கரையில் வாழ்ந்த விலங்குகளின் உணவும் போய்விட்டது. இதற்கு மாறாக, அரிசோனாவின் மலையோடைகளுக்கே உரிய அப்பாச்சி டிரவுட், அந்நிய இனங்கள் மேலேறாதபடி தடுப்புகள் கட்டியும் ஓடைகளை மீட்டும் பல்லாண்டு பாதுகாக்கப்பட்டதால், 2024இல் அழிவு அபாயப் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. ஜப்பானின் மலையோடைகளில் இவானா, யமாமே, அமாகோ ஆகியவை அம்மண்ணுக்கு உரியவை. ரீல் இல்லாத தென்காரா கோலால் பிடிக்கப்படுபவையும் இவையே. பெரும்பாலான பகுதிகளில் மார்ச் முதல் செப்டம்பர் வரைதான் பருவம். அந்தந்த ஆற்றைப் பராமரிக்கும் மீன்வளக் கூட்டுறவுச் சங்கத்தின் அனுமதிச்சீட்டை விலைக்கு வாங்கிய பிறகே தூண்டில் போட வேண்டும்.

இனி, காலணியின் விவகாரம். 2004இல் நியூசிலாந்தின் தெற்குத் தீவில், கீழ் வையாவ் ஆற்றில், டிடிமோ என்ற நுண்பாசி கண்டுபிடிக்கப்பட்டது. இது வட அரைக்கோளத்தின் குளிர்ந்த நீருக்கு உரிய ஒற்றைச் செல் உயிர். நுண்ணோக்கி இல்லாமல் தெரியாது, ஒரு துளி நீரில் பயணம் செய்யும், ஏற்ற ஆறு கிடைத்தால் படுகைக் கற்களைத் தடித்த பழுப்புப் போர்வையாக மூடிவிடும். மேஃபிளையும் கேடிஸும் வாழ்ந்த கல்லிடுக்குகள் அதன் அடியில் மறைந்துபோகும். வழுக்காமல் இருப்பதற்காகக் காலணியின் அடியில் ஒட்டப்படும் ஃபெல்ட் என்னும் கம்பளித் தடிப்பு, ஈரத்தை நெடுநாள் பிடித்து வைத்திருப்பதால், 2008 முதல் அந்நாட்டில் மீன்பிடிக்க ஃபெல்ட் அடியுள்ள காலணிகளுக்குத் தடை இருக்கிறது. ஜப்பானில் ஓடைகளில் ஏறுவோரிடம் ஃபெல்ட் இன்றும் மிகச் சாதாரணம். ஜூனில் அங்கு வாங்கிய காலணியை டிசம்பரில் நியூசிலாந்துக்கு எடுத்துச் செல்லும் வழக்கம் நம்மவர்களிடம் இருப்பதை எண்ணித்தான் இதை அழுத்திச் சொல்கிறேன்.

நியூசிலாந்து விதியின் சாரம், சோதி, கழுவு, உலர்த்து என்பது. உலர்த்துவது என்றால், உள்ளும் புறமும் தொட்டுப் பார்த்து ஈரமில்லை என்றான பிறகு, மேலும் 48 மணி நேரம் அப்படியே வைத்திருப்பது. சிங்கப்பூர்க்காரர்கள் தடுமாறுவது இங்கேதான். நம் காற்றின் ஈரப்பதம் ஆண்டுச் சராசரியில் 80 விழுக்காட்டுக்கு மேல். வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டின் புகலிட அறையில், பிளாஸ்டிக் பைக்குள், வார்களின் அடியில் ஈரத்தோடு வைக்கப்பட்ட காலணி மாதக்கணக்கில் காய்வதில்லை. வெளியே துணிக்கோலில் மாட்டினாலும் மாலை மழை போதும். கயிறுகளை அவிழ்த்து, உட்பாதத்தை வெளியே எடுத்து, குளிரூட்டிய அறையில் மின்விசிறிக்கு எதிரே வைப்பதே நம் ஊருக்கு ஏற்ற வழி. கழுவும்போது மடிப்புகளிலும் தையல்களிலும் உள்ள சேற்றைத் தூரிகையால் எடுக்க வேண்டும். கழுவிய நீரைக் குளியலறையில் ஊற்றுங்கள், வாசல் கால்வாயில் ஊற்றாதீர்கள். நம் நாட்டில் கழிவுநீர்க் குழாயும் மழைநீர்க் கால்வாயும் தனித்தனி, கால்வாயில் விழுவது நீர்த்தேக்கத்தை நோக்கிப் போகும்.

நியூசிலாந்து விமான நிலையத்தில், பயன்படுத்திய மீன்பிடிக் கருவிகள் இருப்பதை பயணி அறிவிப்புப் படிவத்தில் அறிவித்துவிடுங்கள். சுத்தமாக இருந்தால் பார்த்துவிட்டுத் தந்துவிடுவார்கள். அறிவிக்காமல் பிடிபட்டால் அங்கேயே 400 நியூசிலாந்து வெள்ளி அபராதம். 2023இல் வைக்காட்டோ ஆற்றில் ஓர் அந்நியச் சிப்பியும் கண்டறியப்பட்டதால், கழுவும் முறை ஆற்றுக்கு ஆறு வேறுபடுகிறது. பழைய குறிப்புகளை நம்பாமல், புறப்படும் முன் அந்நாட்டு அரசின் நடப்பு விதியைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

குளிர்நீர் உயிர் எதுவும் நம் 30 டிகிரி நீரில் பிழைக்காது என்று சிலர் வாதிடுவார்கள். பெரும்பாலும் அது சரிதான். ஆனால் நம்மில் மிகுதியானோர் மீன்பிடிக்கப் போவது மலேசியாவுக்கும் தாய்லாந்துக்கும். அங்குள்ள வெந்நிலக் குளங்களின் நத்தை முட்டைக்கும் நீர்க்களைக்கும் சிங்கப்பூர் நன்றாகவே ஒத்துப்போகும். நம் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதி என்பதை மறக்கலாகாது.

நீர்த்தேக்கங்களில் ஃபிளை பழகுவோர் பிடிக்கும் பீக்காக் பாஸ் தென்னமெரிக்காவிலிருந்து வந்தது. தோமான் என்னும் பெரிய விரால் வகை மீனும் இங்குள்ள இயல்பான இனம் அன்று, நமக்குரியது விரால் போன்றவை. பொதுப் பயனீட்டுக் கழகம் குறித்துள்ள இடங்களில் மட்டும், செயற்கை இரையால் மட்டும் மீன் பிடியுங்கள். கோலைப் பின்னே வீசும் முன், பின்னால் மெதுவோட்டம் ஓடுவோர் வருகிறார்களா என்று திரும்பிப் பாருங்கள். பிடித்த மீனை இன்னொரு குளத்துக்கு ஒருபோதும் கொண்டுபோகாதீர்கள். நீ சூன் சதுப்புநிலக் காட்டின் கறுத்த ஓடைகளில் இன்னும் எஞ்சியிருக்கும் சிறு மீன்களும், உலகில் சிங்கப்பூரில் மட்டுமே காணப்படும், 1986இல் விவரிக்கப்பட்ட நன்னீர் நண்டும், டிரவுட்டைப் போலவே நிழலையும் தெளிந்த ஓட்டத்தையும் நம்பி வாழ்பவை. அவற்றின் ஓடையில் தூண்டில் போடுவதற்கு இடமே இல்லை.

விசாக தினத்தை ஒட்டிப் புண்ணியம் கருதிச் சந்தையில் வாங்கிய மீன்களையும் ஆமைகளையும் நீர்த்தேக்கத்தில் விடுவோரைத் தடுக்க, தேசியப் பூங்காக் கழகம் ஆண்டுதோறும் பிரசாரம் செய்கிறது. 2020இல் நடப்புக்கு வந்த வனவிலங்குச் சட்டத்தின்படி, அனுமதியின்றி உயிரினங்களை விடுவிப்பது குற்றம். விடப்பட்டவற்றுள் பல, பழகாத நீரில் விரைவில் இறந்துபோகின்றன. பிழைப்பவை நம் மீன்களின் இரையையும் இடத்தையும் பறிக்கின்றன. பிள்ளைகளுக்கு வீட்டுத் தொட்டியின் மீது ஆர்வம் போய்விட்டால், மீன்களைக் கடைக்கோ வளர்க்க விரும்பும் நண்பருக்கோ கொடுத்துவிடுங்கள். தொட்டிச் செடிகளையும் நத்தைகளையும் பையில் இறுகக் கட்டிக் குப்பையில் போடுங்கள்.