பிளையரா, கத்தியா? மடக்குக் கருவிக்குச் சுங்கத்துறை எண் கொடுக்கும் விதம்

பிளையர், கத்தி, ஸ்க்ரூடிரைவர், அரம், டின் ஓப்பனர் எல்லாம் ஒரே கைப்பிடிக்குள் மடங்கிக் கிடக்கும் சட்டைப்பைக் கருவியை அமெரிக்காவுக்குள் இறக்கினால், சுங்கத்துறை அதை எந்தப் பொருளாகக் கணக்கில் எடுக்கும் என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எத்தனை வேலை செய்தாலும் ஒரு பொருளுக்குச் சுங்கப் பட்டியலில் ஒரே எண்தான். அந்த எண்ணைக் கண்டுபிடிக்கும் முறை, பலரும் நினைப்பதைவிட மிகக் கறாரான தர்க்கம் கொண்டது.

அடிப்படையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் உலகச் சுங்க அமைப்பின் பொருள் பட்டியல் 1988-இல் நடைமுறைக்கு வந்தது. அமெரிக்கா 1989-இல் ஏற்றது. முதல் ஆறு இலக்கங்கள் உறுப்பு நாடுகளுக்கெல்லாம் பொது. அமெரிக்காவில் வரி விகிதத்தை முடிவு செய்வது எட்டு இலக்க எண். உலோகக் கைக்கருவிகள் 82-ஆம் அத்தியாயத்தில் வருகின்றன: அரம், பிளையர், சாமணம் 8203, ஸ்க்ரூடிரைவரும் டின் ஓப்பனரும் 8205, கத்தி 8211, கத்தரிக்கோல் 8213. இப்படி நான்கு இலக்க எண்ணுள்ள ஒவ்வொரு வகைக்கும் ‘தலைப்பு’ என்று பெயர்.

இங்கே இரண்டு குறுக்குவழிகள் கண்ணில் படும். இரண்டும் தவறு. 8206 ‘கருவித் தொகுப்பு’களுக்கான தலைப்பு, தனித்தனிக் கருவிகளை ஒரே பெட்டியில் வைத்து விற்றால்தான் அது பொருந்தும். நம் கருவியோ பிரிக்க முடியாதபடி ஆணியால் இறுக்கிய ஒற்றைப் பொருள். அடுத்தது, ‘முக்கிய வேலை எதுவோ அதன்படி வகைப்படுத்து’ என்ற விதி. அது 16-ஆம் பிரிவில் உள்ள இயந்திரங்களுக்கு எழுதப்பட்ட குறிப்பு. 82-ஆம் அத்தியாயம் இருப்பது 15-ஆம் பிரிவில். ஆகவே அதை இங்கே இழுத்துவர முடியாது.

மிஞ்சுவது பொது விளக்க விதிகள், அதாவது எந்தப் பொருளுக்கு எந்த எண் என்று முடிவு செய்யப் பட்டியலே தரும் விதிகள். முதல் விதி தலைப்பின் சொற்களையும் பிரிவு, அத்தியாயக் குறிப்புகளையும் மட்டும் பார்க்கச் சொல்கிறது. முழுக் கருவியையும் விவரிக்கும் தலைப்பு இல்லாததால் மூன்றாம் விதிக்குப் போகிறோம். அதன் அ பகுதி, பொதுவான விவரிப்பைவிடக் குறிப்பான விவரிப்புக்கு முன்னுரிமை தருகிறது. ஆனால் ஒவ்வொரு தலைப்பும் கலவைப் பொருளின் ஒரு பகுதியை மட்டுமே சொன்னால், ஒன்று எவ்வளவு நுணுக்கமாக எழுதப்பட்டிருந்தாலும் எல்லாம் சமமே என்று அதே பகுதி சொல்லிவிடுகிறது. ‘பிளையர்’ என்ற சொல் எவ்வளவு துல்லியமானாலும் கத்தியைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லையே! மொழியின் துல்லியத்தையும் பொருளின் முழுமையையும் இப்படிப் பிரித்துப் பார்க்கும் இந்த வாக்கியம் எனக்கு மிகவும் பிடித்தது.

ஆ பகுதி பொருளுக்கு அதன் தன்மையைக் கொடுக்கும் உறுப்பு எது என்று கேட்கிறது. எடை, பருமன், எண்ணிக்கை, மதிப்பு, பயன்பாட்டில் அதன் பங்கு எல்லாம் சான்றுகள். உண்மையான சிக்கல் இங்கேதான். கருவியை விரித்தால் இரண்டு கைப்பிடிகளும் பிளையரின் கால்கள். மடக்கினால் பிளையர் தலை உள்ளே ஒளிந்துகொள்ள, அதே இரண்டும் சேர்ந்து கத்திக்குப் பிடியாகின்றன. கைப்பிடியின் எடையை யார் கணக்கில் எழுதுவது? பிளையர் தரப்புக்கு ஒரு வலுவான வாதம் உண்டு: கத்தியின் அலகைக் கழற்றினாலும் பிளையர் வேலை செய்யும், பிளையர் தலையைக் கழற்றினால் கைப்பிடிகளை இணைக்க எதுவுமில்லை. ஆனால் அலகு நீளமாகவும் விலையுயர்ந்த எஃகாகவும் இருந்தால் தராசு மறுபக்கம் சாயும்.

எதுவும் மேலோங்கவில்லை என்றால் இ பகுதி: சமமாகத் தகுதி பெறும் தலைப்புகளில் எண் வரிசையில் கடைசியாக வருவதை எடு. 8203, 8205, 8211 போட்டியிட்டால் 8211. ‘சமமாகத் தகுதி பெறும்’ என்ற நிபந்தனையை மறந்தால் அபத்தம் விளையும்; நகத்தளவு டார்ச் ஒன்று பொருத்தியிருந்தால் முழுக் கருவியும் 8513-க்கு, விளக்குக் கணக்குக்கு, ஓடிவிடும். வரி அதிகம், குறைவு என்பதை இந்த விதி எந்த இடத்திலும் கேட்பதில்லை. முடிவு யாருக்கும் சாதகமாக வளையாது என்பதால் இதை நான் நேர்மையான விதி என்பேன்.

இனி விகிதங்கள். மடக்குக் கத்தி 8211.93.00: ஒன்றுக்கு 3 சென்ட், அதோடு மதிப்பில் 5.4 விழுக்காடு. சாதாரண பிளையர் 8203.20.60: டஜனுக்கு 12 சென்ட், அதோடு 5.5 விழுக்காடு. 20 டாலர் கருவிக்கு இரண்டு வழியிலும் 1.11 டாலர்! அதற்குக் கீழே பிளையர் எண் மலிவு, மேலே கத்தி எண் மலிவு. அச்சு நகர்ந்து வாய் அகலும் பிளையருக்கு மட்டும் 8203.20.40-இன்படி 12 விழுக்காடு. பிளையர் என்று அறிவிப்பவர்கள் அச்சு நிலையானதா என்பதைப் படத்தோடு காட்டிவிட வேண்டும்.

இவை பொது விகிதங்கள். 2018 முதல் சீனப் பொருள்கள் மீது வந்த கூடுதல் வரிகளும் எட்டு இலக்க எண்ணையே பிடித்துக்கொண்டவை. சில பட்டியல்களுக்கு 25 விழுக்காடு, ஒரு பட்டியலுக்கு 7.5 விழுக்காடு என்னும்போது, தவறான எண்ணின் விலை சென்ட் கணக்கில் நிற்காது.

விலைச்சீட்டில் கத்தி என்ற சொல்லை எடுத்துவிட்டு ‘டூல்’ என்று எழுதினால் எண் மாறிவிடும் என்று வணிகர்கள் நம்புவது வெறும் மூடநம்பிக்கை. துறைமுகத்தில் வந்து நிற்கும் பொருள்தான் சாட்சி. ஐயமிருந்தால் அனுப்பும் முன்பே சுங்கத்துறையிடம் கட்டுப்படுத்தும் தீர்ப்பு, அதாவது எந்த எண் என்று அந்தத் துறையே கட்டுப்படும் எழுத்துப்பூர்வமான முடிவு, கேட்கலாம். கட்டணமில்லை, எளிய கேள்விகளுக்கு நியூயார்க் அலுவலகம் பொதுவாக 30 நாளில் பதில் தருகிறது. உறுப்புவாரியான எடை, உறுப்புவாரியான அடக்கவிலை, விரித்த நிலையிலும் மடக்கிய நிலையிலும் படங்கள், விளம்பரத் துண்டு ஆகியவற்றை இணைக்க வேண்டும். அடக்கவிலைப் பிரிப்பை விட்டுவிடக் கூடாது. பழைய தீர்ப்புகளை இணையத்தில் எவரும் தேடிப் படிக்கலாம். எல்லா நாடுகளும் இப்படித் திறந்து வைக்க வேண்டும்.

கூட வரும் உறைக்கும் தனி விதி உண்டு. கருவியின் வடிவத்துக்கென்றே தைத்து, நெடுநாள் உழைக்கக்கூடிய உறை கருவியோடு வந்தால், ஐந்தாம் விதிப்படி கருவியின் எண்ணே அதற்கும். உறை மட்டும் தனியாக வந்தால் அதற்கு வேறு எண் தேட வேண்டும். பொத்தானை அழுத்தியதும் அலகு தானாகப் பாயும் கத்தி கருவிக்குள் இருந்தால், எந்த எண்ணில் அறிவித்தாலும் 1958 சட்டப்படி, சில விதிவிலக்குகள் தவிர, உள்ளே விடமாட்டார்கள்.